அரை நொடி தள்ளி வரும் குரல்

ஈப்போவின் புந்தோங்கில் முறுக்கும் கடலையும் போடும் வீடுகளில் தொலைக்காட்சி ஓடுவது பெரும்பாலும் காதுக்காகத்தான். கண் எண்ணெய்ச் சட்டியில், கை முறுக்கு அச்சில், காது மட்டும் கூடத்தில். கதாநாயகன் பத்துப் பேரை அடித்துப் போட்டாலும் அடுப்படியில் யாரும் நிமிர்வதில்லை. அப்போது பாதி மூக்கும் பாதித் தொண்டையுமாக ஒரு குரல் வரும். ஒரு வார்த்தை சொல்லி நிறுத்தும். இருமலா பேச்சா என்று தெரியாதபடி கொஞ்சம் இழுக்கும். அப்புறம் அடுத்த வார்த்தையைப் போடும். அடுப்படியில் சிரிப்பு கேட்கும். திரையை ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள், ஆனால் எம்.எஸ்.பாஸ்கர் வந்துவிட்டார் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

பாஸ்கரை அளக்க அடுப்படியில் இருக்கும் அந்தக் காதுகள்தாம் சரியான தராசு. அவர் நெடுங்காலம் பிறருடைய முகத்துக்குக் குரல் கொடுத்துச் சோறு தின்றவர். முகம் பிரபலமானது பிற்பாடுதான்.

2025 ஆகஸ்ட் 1ஆம் தேதி இந்தியாவின் 71ஆவது தேசியத் திரைப்பட விருதுகள் அறிவிக்கப்பட்டன. ‘பார்க்கிங்’ படத்துக்காகச் சிறந்த துணை நடிகர் விருது பாஸ்கருக்குக் கிடைத்தது. ‘பூக்காலம்’ மலையாளப் படத்தில் நடித்த விஜயராகவனோடு அதைப் பகிர்ந்துகொண்டார். சிறந்த தமிழ்ப் படமும் ‘பார்க்கிங்’தான். இயக்குநர் ராம்குமார் பாலகிருஷ்ணனுக்குத் திரைக்கதை விருதும் வந்தது. சின்னப் படம், மூன்று விருது. அதில் ஒன்று, 1987இல் விசுவின் ‘திருமதி ஒரு வெகுமதி’யில் தலைகாட்டியவருக்கு 38 ஆண்டு கழித்து வந்து சேர்ந்தது.

இந்தக் குரலின் வித்தையைப் புரிந்துகொள்ள, பூப்பந்து வீரர் லீ சோங் வெய் வலையருகே ஆடியதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். பேராக்கின் பாகான் செராயில் 1982இல் பிறந்த அந்த மனிதர் 2008, 2012, 2016 என்று மூன்று ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கினார். அவருடைய துள்ளல் அடியைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். எதிராளிகளுக்கு அதைவிடப் பெரிய தலைவலி அவர் வலையருகே போட்ட நிறுத்தம். பந்து வந்துவிட்டது, மட்டையும் தயார், ஆனால் அடி விழாது. கண்ணிமைக்கும் நேரம்தான் அந்தத் தாமதம். அதற்குள் எதிரே நிற்பவர் இது வலைக்கு மேல் மெல்ல விழப்போகிறது என்று ஓரடி முன்னே வைத்துவிடுவார். அப்புறம் மணிக்கட்டு ஒரு சொடுக்குச் சொடுக்கும், பந்து அவர் தலையைத் தாண்டிப் பின்கோட்டில் போய் விழும். எதிராளி தானாகவே இடம் மாறிக்கொடுக்கும்வரை பொறுத்திருப்பதுதான் அந்த ஆட்டத்தின் சூட்சுமம்.

பாஸ்கர் செய்வதும் அதேதான். ஒருவர் அவரிடம் கேள்வி கேட்கிறார். கேட்டு முடித்ததும் பதில் வர வேண்டும், வராது. முதலில் முகம் ஒரு முடிவுக்கு வரும். புருவம் கொஞ்சம் ஏறும், கீழுதடு உள்ளே போகும். பார்ப்பவர் அவர் கோபப்படப் போகிறார் என்று நினைத்து ஓரடி முன்னே வைத்துவிடுவார். அரை நொடி தள்ளி வரும் குரலில் கோபம் இருக்காது, ஏதோ ஒரு சமாதானமோ கெஞ்சலோ இருக்கும். சிரிப்பு அங்கேதான் பிறக்கிறது. வசனத்தைத் தாளில் எழுதிப் படித்தால் அதில் சிரிக்க ஒன்றும் இருக்காது.

இந்தத் தாமதத்தை அவர் எங்கே படித்தார் என்று தேடினால் டப்பிங் அறைக்குத்தான் போக வேண்டும்.

சுவரெல்லாம் ஒலி உறிஞ்சும் பலகை ஒட்டிய சின்ன அறை. ஒரு மைக், வசனத் தாளுக்கு ஒரு தாங்கி, காதில் ஹெட்போன், எதிரே திரை. காட்சியைத் துண்டு துண்டாக வெட்டித் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். பிலிம் காலத்தில் துண்டின் இரு முனைகளையும் ஒட்டிச் சுற்றவிட்டதால் அதற்கு ‘லூப்’ என்று பெயர். இப்போது எல்லாம் கணினியில் நடக்கிறது, பெயர் மட்டும் போகவில்லை. மொழி தெரியாத ஒரு நடிகரின் வாய் திரையில் அசையும். அதற்குள் தமிழைத் திணிக்க வேண்டும். நீளம் ஒத்துப்போனால் போதாது, உதடும் ஒத்துப்போக வேண்டும். ப, ம இரண்டையும் உதடு மூடாமல் சொல்ல முடியாது. திரையில் உதடு மூடும் இடத்தில் அந்த எழுத்து வேண்டும், திறந்திருக்கும் இடத்தில் வரவே கூடாது.

தெலுங்குப் படத்தைத் தமிழாக்கும்போது இந்தத் தொல்லை இன்னும் கூடும். தெலுங்குச் சொற்கள் பெரும்பாலும் உயிரெழுத்தில் முடிகின்றன, வாக்கியம் முடியும்போது வாய் திறந்தே நிற்கும். தமிழிலோ போறோம், வர்றோம், செய்யலாம் என்று மகர மெய் வந்து உதட்டைப் பூட்டிவிடும். அதனால்தான் டப்பிங் படங்களில் எல்லோரும் ‘போலாமே’ என்றும் ‘வர்றோம்ல’ என்றும் ‘செய்யலாங்க’ என்றும் வால் முளைத்துப் பேசுகிறார்கள். கேட்பவருக்கு அது கேலியாகப் படும். உள்ளே நிற்பவருக்கு அந்த வால்தான் கதவு விழாமல் பிடிக்கும் ஆணி.

இதற்குள் இன்னொரு ஒழுங்கும் ஒளிந்திருக்கிறது. டப்பிங் கலைஞர் எதையும் தானாகத் தொடங்குவதில்லை. திரையிலிருக்கும் முகம் முந்திக்கொண்டு தொடங்கிவிடும். நெஞ்சு ஏறுவதைப் பார்த்து இவர் மூச்சை எடுத்து, வாய் திறக்கும்போது உள்ளே நுழைய வேண்டும். முகம் முன்னே போகும், குரல் பின்னாலேயே போகும். ஆண்டுக்கணக்கில் இப்படிப் பழகிய ஒருவர் கேமரா முன் வந்து நிற்கும்போது, சொந்த முகத்தையே வேறொருவர் முகத்தைப் போலப் பார்த்து, அது முடிவெடுத்தபின் குரலை அனுப்புகிறார். பாஸ்கரின் அரை நொடிக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைக்காது.

காதால் சிரிப்பது பேராக்கின் தோட்டத்து மக்களுக்குப் புதிதும் அல்ல. 1877இல் கோலகங்சாரில் நட்ட ரப்பர்க் கன்றுகளில் தொடங்கிய கதை, பேராக் முழுவதும் பால்மரக் காடாகப் பரவி லயங்கள் எனும் வரிசை வீடுகளில் தமிழர்களைக் கொண்டுவந்து வைத்தது. தோட்டத் திடலில் இரண்டு கம்பு நட்டு வெள்ளைத் துணி கட்டிப் படம் போட்ட காலத்தில், முன்னால் இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தார்கள். எழுத்து இடவலம் மாறி ஓடும், வலக்கைக்காரன் இடக்கையால் கத்தி வீசுவான். குரலுக்கு ஏது முன்பக்கமும் பின்பக்கமும்? ‘இரத்தக்கண்ணீர்’ (1954) எம்.ஆர்.ராதா ஒரே வாக்கியத்தில் கீச்சுக்குரலிலிருந்து கட்டைக்குரலுக்கு இறங்குவதைத் துணியின் எந்தப் பக்கம் இருந்து கேட்டாலும் ஒன்றுதான். அந்தக் குரலைப் போட்டுக் காட்டாத திருவிழா மேடை பேராக்கில் அரிது.

‘காதலிக்க நேரமில்லை’ (1964) படத்தில் நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சி இதற்கெல்லாம் தலைக்காட்சி. திரையில் பேயும் இல்லை, பங்களாவும் இல்லை. நாகேஷ் பின்னணி இசையையும் வாயாலேயே போடுகிறார். கேட்கிற பாலையாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலங்குகிறது. குரல் மட்டுமே ஒரு முழுப் படத்தை ஓட்டிக்காட்டுகிறது. அறுபது ஆண்டாகியும் அந்தக் காட்சி தேயவில்லை.

அப்புறம் கேசட் வந்தது. எஸ்.வி.சேகரின் நாடகங்களையும், மயில்சாமியும் லட்சுமணனும் செய்த ‘சிரிப்போ சிரிப்பு’ போன்ற பலகுரல் நிகழ்ச்சிகளையும் ஜனங்கள் கேசட்டில் கேட்டே மனப்பாடம் செய்தார்கள். அதற்கு முன்பே தோட்டங்கள் துண்டாடப்படத் தொடங்கியிருந்தன. சுங்கை சிப்புட்காரரான வீ.தி.சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் சில தோட்டங்களை வாங்கித் தொழிலாளர் கைக்குக் கொண்டுவந்தது. எத்தனையோ தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, அல்லது தாமான் எனும் வீடமைப்புப் பகுதி வந்தது. லயத்தை விட்டு வந்தவர்களின் சாமான்களோடு ரேடியோவும் வந்தது. (குரலின் மதிப்பு சுங்கை சிப்புட்டுக்கு நன்றாகவே தெரியும். 1974 முதல் 2008 வரை அந்தத் தொகுதியை வைத்திருந்த சாமிவேலு, ஒரு காலத்தில் வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்தவர், மேடை நாடகங்களில் நடித்தவர்.)

இப்படிக் கேட்டுப் பழகிய காதுக்குள்தான் பாஸ்கர் வந்தார். ‘எம்’ என்பது முத்துப்பேட்டை. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே உள்ள கடலோர ஊர். பேராக்கின் பல குடும்பங்களுடைய தாத்தா பாட்டிகள் கப்பலேறியது நாகப்பட்டினத்தில்தான். 1970களின் தொடக்கம்வரை ஓடிய ‘ரஜூலா’ கப்பலின் பெயரைச் சொன்னால் இன்றும் சில வீடுகளில் கதை தொடங்கிவிடும். பாஸ்கரின் பேச்சில் அந்தக் காவிரிக் கடைமடை நெடி இருக்கிறது. வார்த்தையின் கடைசியைக் கொஞ்சம் தூக்கி விடுவார். சென்னைக்காரனாகவோ கோயம்புத்தூர்க்காரனாகவோ நடிக்கும்போது அதை அழகாக மறைத்தும்விடுவார்.

முதல் படத்துக்குப் பிறகு வந்ததெல்லாம் துண்டு வேடங்கள். வயிற்றுப்பாட்டைக் குரல் பார்த்துக்கொண்டது. பெரிய கூட்டத்துக்கு அவர் முகத்தை அறிமுகம் செய்தது சின்னத்திரை. ‘சின்ன பாப்பா பெரிய பாப்பா’வின் பட்டாபியாக வந்தார், பிறகு ‘செல்வி’யில் ஆண்டவர் லிங்கம். ஆஸ்ட்ரோ டிஷ் வைத்த தாமான் வீடுகளில் பாஸ்கர் என்ற பெயர் தெரியாதவர்கள்கூடப் பட்டாபி என்றால் தெரியும் என்பார்கள்.

சினிமா அவரை நன்றாகப் பயன்படுத்தியதா? பெரும்பாலும் இல்லை என்றே சொல்ல வேண்டும். 2000களில் அவர் வந்து போன படங்களுக்குக் கணக்கில்லை. பலவற்றில் அவரைக் கத்தவிட்டார்கள், அவரும் கத்தினார். நிறுத்திப் பேசத் தெரிந்த மனிதரை ஓடவிட்டது, வலையருகே ஆடுபவரைப் பின்கோட்டிலேயே நிற்கவைத்த மாதிரி. அந்தக் காட்சிகளை இன்று பார்த்தால் அரை நொடி எங்கேயுமே இல்லை. அவசரமாக வாய் திறக்கிறார், சிரிப்பும் வருவதில்லை.

அதற்கு மருந்தாக 2007இல் ராதாமோகனின் ‘மொழி’ வந்தது. கேட்கவும் பேசவும் முடியாத ஒரு பெண்ணைப் பற்றிய படம். அதில் குரலே முதலாகக் கொண்ட நடிகருக்கு ஓர் ஓரத்துப் பாத்திரம், பேராசிரியர் ஞானப்பிரகாசம். அவருக்கு வருடம் 1984ஓடு நின்றுவிட்டது. அந்த ஆண்டில் மகன் இறந்துபோனதை மனம் ஏற்றுக்கொள்ளவில்லை. அதனால் அடுக்குமாடியில் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் அந்தக் காலத்துச் செய்திகளை இன்றைய செய்தி போலப் பேசிக்கொண்டு திரிகிறார்.

முதல் அரை மணிக்கு இது நகைச்சுவை வேடம்தான், அரங்கும் சிரிக்கிறது. பாஸ்கர் குரலில் மட்டும் கேலியே இல்லை. காலையில் செய்தித்தாள் படித்துவிட்டு வந்த மனிதரின் குரல். மரியாதையான, சற்று உயர்ந்த, பாடம் நடத்திப் பழகிய குரல். எதிராளிகள் விழிக்கும்போது அவர் ஒரு கணம் நிற்கிறார். அவர்களுக்கு ஏன் புரியவில்லை என்று அவருக்குப் புரியவில்லை. வழக்கமாகச் சிரிப்புக்காகப் போடும் அதே நிறுத்தம்தான், ஆனால் இதன் அடியில் வலி கிடக்கிறது என்று பார்ப்பவருக்கு மெதுவாகத்தான் உறைக்கிறது. மகன் இல்லை என்பதை ஒருநாள் அவர் முகத்துக்கு நேரே சொல்லும்போது அந்தப் படித்த குரல் உடைகிறது. அழுகை வார்த்தையாக வருவதில்லை. தொண்டைக்குள் எங்கோ கிடந்து மேலே ஏறி வருகிறது. அடுப்படியில் உட்கார்ந்து காதால் மட்டும் கேட்டாலும் முறுக்கு அச்சு நின்றுவிடும்.

அதன் பிறகு அவருக்கு நல்ல பந்துகள் வரத் தொடங்கின. ‘சூது கவ்வும்’ (2013) படத்தில் நேர்மையான அமைச்சர் ஞானோதயம். பெற்ற பிள்ளையின் திருட்டுத்தனத்தைவிடச் சொந்தக் கட்சிக்கே பெரிய தொல்லை அவருடைய நேர்மைதான். ‘உத்தம வில்லன்’ (2015) படத்தில் நட்சத்திரத்தின் (கமல்ஹாசன்) நிழலாகவே வாழும் சொக்கு செட்டியார். கமல்ஹாசனுக்கு எதிரே நிற்கும் பலர் அவரை மிஞ்சப் பார்த்துத் தோற்பார்கள். பாஸ்கர் மிஞ்சப் பார்க்கவே இல்லை, அதனால் இருவரும் இருக்கும் காட்சிகள் ஆறியும் ஆறாத காப்பி போல இதமாக நிற்கின்றன.

ஸ்ரீகணேஷின் ‘8 தோட்டாக்கள்’ (2017) வேறு தளம். அகிரா குரோசவாவின் 1949ஆம் ஆண்டுப் படமான ‘ஸ்ட்ரே டாக்’ போலவே காவலரிடமிருந்து தொலைந்த துப்பாக்கிதான் கதையின் கரு. துப்பாக்கி வந்து சேரும் கை பாஸ்கருடைய கிருஷ்ணமூர்த்தியின் கை. உணவு விடுதி மேசையில் உட்கார்ந்து தன் வாழ்க்கையை அவர் நீளமாகச் சொல்லும் காட்சி ஒன்று உண்டு. அதில் குரலை ஏற்றவும் மாட்டார், நடுங்கவிடவும் மாட்டார். சாம்பாரில் உப்பு கொஞ்சம் தூக்கல் என்று சொல்கிற தொனியிலேயே முழுக்கதையும் போகிறது. நகைச்சுவை நடிகர் சோக வேடத்துக்கு வந்தால் அழுது தீர்ப்பதுதான் நம் சினிமாவின் வழக்கம். பாஸ்கர் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

‘பார்க்கிங்’ (2023) படத்தில் அவர் இளம்பரிதி. கைசுத்தமான அரசு அதிகாரி, கைப்பிடிப்புக்காரர். கீழ்வீட்டில் பல ஆண்டாகக் குடியிருப்பவர். மேல்வீட்டுக்குக் குடிவரும் ஈஸ்வர் (ஹரிஷ் கல்யாண்), கர்ப்பிணி மனைவிக்காகக் கார் வாங்குகிறார். நிறுத்தும் இடம் ஒன்றுதான். அங்கே இளம்பரிதியின் மோட்டார் சைக்கிள் நின்றுகொண்டிருக்கிறது. கதை அவ்வளவுதான். ஈப்போவின் எந்தத் தாமானிலும் ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் வந்தால் இந்தப் படத்தின் முதல் பாதியை இலவசமாகவே பார்க்கலாம்.

வேறொரு நடிகர் இளம்பரிதியை முதல் காட்சியிலேயே வில்லனாக்கியிருப்பார். பாஸ்கர் குரலை நெஞ்சில் வைத்துத் தொடங்குகிறார். அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுப் பழகிய, யாரையும் நம்பி இராத மனிதரின் தாழ்ந்த குரல். சண்டை முற்ற முற்ற அது நெஞ்சிலிருந்து தொண்டைக்கு ஏறுகிறது. நிறுத்தங்களும் குறைந்துகொண்டே வருகின்றன. யோசிக்கும் மனிதன் யோசிப்பதை விட்டுவிட்டான் என்று வசனம் எதுவும் சொல்லவில்லை. அரை நொடி கால் நொடியாகி, கடைசியில் எதிராளி பேசி முடிக்குமுன்பே இவர் வாய் திறக்கிறார். முன்பு சில இயக்குநர்கள் அவரிடம் வாங்கிய அதே அவசரம்தான் இது. அன்று அது ஆட்டத்தைக் கெடுத்தது, இங்கே பாத்திரம் கெட்டுப்போவதை அதுதான் காட்டிக்கொடுக்கிறது.

ஹரிஷ் கல்யாணையும் பாராட்டியாக வேண்டும். இணையான ஆட்டக்காரர் எதிரே இல்லாவிட்டால் இந்த வித்தை எடுபடாது. வலைக்கு அந்தப் பக்கம் ஓரடி முன்னே வைப்பவர் அவர்தான்.

குரல் தொழிலைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘மைக்’ மோகன் என்று ஊரே கொண்டாடிய நடிகருக்குப் பல படங்களில் பேசியது எஸ்.என்.சுரேந்தர். படம் ஓடிய காலத்தில் எத்தனை பேருக்கு அது தெரியும்? அமெரிக்காவில் பக்ஸ் பன்னி முயலுக்குக் குரல் கொடுத்த மெல் பிளாங்க் சம்பள உயர்வு கேட்டார். பணம் தர மறுத்த தயாரிப்பாளர், பெயரையாவது போடுகிறேன் என்று ஒப்புக்கொண்டார். 1944 முதல் கார்ட்டூன்களில் பிளாங்கின் பெயர் வந்தது, வானொலி வாய்ப்புகள் பெருகின. 1961இல் பெரிய கார் விபத்தில் சிக்கி நினைவில்லாமல் கிடந்த அவரிடம் மருத்துவர் பக்ஸ் பன்னியை நலம் விசாரித்தாராம். பக்ஸ் பன்னியின் குரலிலேயே பதில் வந்ததாம். மருத்துவம் அறிந்தவர்கள் இதை நம்பலாம், நம்பாமலும் போகலாம். குரல் எவ்வளவு ஆழத்தில் வேர்விடும் என்பதற்கு நடிகர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் கதை இது.

பாஸ்கர் வீட்டில் அந்த வேர் அடுத்த தலைமுறைக்கும் போயிருக்கிறது. மகள் ஐஸ்வர்யா டப்பிங் கலைஞர். மகன் ஆதித்யா 2018இல் வந்த ‘96’ படத்தில் பள்ளிக்கூட ராமாக வந்தார். அதில் அவருக்கு வசனம் குறைவு. பெரும்பகுதி வாயடைத்து நிற்பதுதான் வேலை. உடன் படிக்கும் ஜானு கேட்கிறாள், இவன் பதில் சொல்ல வாய் எடுப்பதற்குள் காட்சி நகர்ந்துவிடுகிறது. அந்த நிறுத்தம் யார் வீட்டுச் சரக்கு என்று கேட்கத் தேவையில்லை.

விருதுக்குப் பிறகு ‘பார்க்கிங்’கை மறுபடி போட்டுப் பார்ப்பவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். முதல் கால்மணி நேரம் திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, இளம்பரிதி ஒவ்வொரு பதிலுக்கும் எவ்வளவு நேரம் எடுக்கிறார் என்று காதால் கேளுங்கள். கடைசி அரைமணி நேரத்துக்கு ஒலியை முழுக்கக் குறைத்துவிட்டு முகத்தை மட்டும் பாருங்கள். பிறகு ‘மொழி’யை எடுத்து, பேராசிரியர் அழும் காட்சியை இரண்டு விதமாகவும் ஓட்டுங்கள். அங்கே மட்டும் முகமும் குரலும் சேர்ந்தே கிளம்புகின்றன, அரை நொடிகூடத் தள்ளி வருவதில்லை.